இராவேலையும் காத்துக் கருப்பும்

கம்பம் பள்ளத்தாக்கில் பேயைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களின் கதைகளைப் பொறுமையாகக் கேட்டால் ஒன்று சீக்கிரம் பிடிபடும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்நேரம் வேலையில் இருந்திருக்கிறார்கள். நெல்வயலுக்குத் தண்ணி கட்டப் போனவர், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன் போடிமெட்டு ஏறிய ஜீப் டிரைவர், மில்லில் இரவு ஷிப்டு முடித்து விடுதியில் வந்து விழுந்த பெண், தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்துவதற்காகக் கண் விழித்தவர். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு முனி தட்டுப்பட்டதாகக் கேள்விப்படுவது அபூர்வம். பேயின் சேலை நிறம், கொலுசுச் சத்தம், கால் தரையில் பட்டதா என்பதெல்லாம் கதைகளில் துல்லியமாக இருக்கும். பார்த்தவர் அதற்கு முந்தைய இரவு தூங்கினாரா என்பது மட்டும் இருக்காது.

பேய் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. அந்த வழக்கில் இரு தரப்பும் தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். கோடாங்கியிடம் போனால் உடுக்கை ஓய்வதற்குள் காரணம் வந்துவிடும். பகுத்தறிவு பேசுகிறவரிடம் போனால் உடுக்கைகூட வேண்டாம். மனப்பிரமை என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, அன்றைக்கு அந்த ஆள் என்ன வேலை பார்த்தார் என்று இருவரும் கேட்பதில்லை. வேலையை விசாரித்தாலே இந்தக் கதைகளில் பெரும்பகுதி தெளிந்துவிடும் என்பது என் கட்சி. தெளியாமல் ஒரு மிச்சம் நிற்கும். அதை என்ன செய்வது என்பதில்தான் நம்மிடம் பழக்கம் போதவில்லை.

தண்ணியிலிருந்து தொடங்கலாம். மேற்கே ஓடவேண்டிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895இல் வந்தது. அந்தத் தண்ணியில் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாய்க்காலில் முறை வரும் நேரத்துக்கு வயலில் நிற்க வேண்டும். அது நள்ளிரவாகவும் இருக்கலாம். மேட்டுத் தோட்டக்காரர்கள் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குத்தான் மோட்டார் போட முடியும். ஆகவே கையில் மண்வெட்டியும் டார்ச்சுமாகத் தனியாக வரப்பில் நடப்பது இங்கே தொழிலின் ஒரு பகுதி. கொள்ளிவாய்ப் பிசாசு உலவுவதாகச் சொல்லப்படுவதும் இந்தச் சேற்று வெளியில்தான். தூரத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு சுடர் தெரியும், கிட்டப் போனால் விலகும், சட்டென்று அணையும்.

சேற்றில் அழுகும் தாவரத்திலிருந்து மீத்தேன் கிளம்புகிறது, அதுதான் எரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி விளக்கம் அது. 1776இல் இத்தாலியின் மாஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி அந்த வாயுவைச் சேகரித்த வோல்ட்டாவே, இது எரியும் என்று காட்டினார். எது பற்ற வைக்கிறது என்பதற்கு மின்னலைக் கைகாட்டினார். மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. அழுகலிலிருந்து வரும் பாஸ்பரஸ் சேர்மங்கள் பற்ற வைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவை எரிந்தால் புகையும் நாற்றமும் வரும். பார்த்தவர்களோ புகையில்லாத, சுடாத ஒளி என்றார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் இந்த ஓட்டை அடைபடவில்லை. 2025இல்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் சாரே குழு, தண்ணீரில் மேலெழும் நுண்ணிய மீத்தேன் குமிழிகளுக்கு நடுவே மின்னூட்டம் தாவி மிகச் சிறிய பொறி பறப்பதையும், அந்தப் பொறி மீத்தேனை வெப்பமில்லாத சுடராக ஒளிர வைக்கக்கூடும் என்பதையும் காட்டியது. வோல்ட்டாவின் மின்னல் குமிழிகளுக்கு நடுவிலேயே இருந்திருக்கிறது. அது ஆய்வகக் குமிழி. சின்னமனூர் வயல்சேற்றில் இதே கணக்கு நடக்கிறதா என்று யாராவது இரவில் கருவியோடு உட்கார்ந்தால்தான் தெரியும். எனக்கு இதில் பிடித்தது வேறு. வரப்பில் நடந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட ஒளி நிஜம். இல்லாததை ஏன் பார்த்தாய் என்று அவரைக் கேலி செய்த படித்தவர்கள்தான் இரண்டு நூற்றாண்டு பின்தங்கியிருந்தார்கள்.

மலைச்சாலைக் கதைகள் வேறு ரகம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி கை காட்டி ஏறினாள், அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. இந்தக் கதை போடிக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பியர்ட்ஸ்லி, ஹாங்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1940களின் தொடக்கத்திலேயே இதன் பல வடிவங்களைத் தொகுத்துவிட்டார்கள். ஜான் ஹெரால்ட் புருன்வாண்ட் 1981இல் இதன் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். வாய்வழி சுற்றுகிற கதை இது. எப்போதும் நண்பனின் நண்பனுக்குத்தான் நடந்திருக்கும். அதைத் தள்ளிவிட்டாலும், டிரைவர் தாமே சொல்லும் சிறு அனுபவங்கள் மிஞ்சும். சாலை நடுவே யாரோ நின்றமாதிரி இருந்தது, பிரேக் போட்டேன், ஒன்றுமில்லை. பின்னிரவு இரண்டு முதல் ஐந்து மணி வரை உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. கண் திறந்திருக்கும்போதே சில விநாடித் தூக்கம் வந்து போகும். அதில் கனவின் துண்டு ஒன்று சாலையில் இறங்கி நிற்கும். குமுளி மலைச்சாலையில் இரைச்சல் பாலத்துக்கு அருகே 2022 டிசம்பர் 23 இரவு சபரிமலையிலிருந்து திரும்பிய வாகனம் பள்ளத்தில் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட வளைவுகளுக்குப் பிற்பாடு கதை சேருகிறது. ஒரு வகையில் அந்தக் கதை எச்சரிக்கைப் பலகையின் வேலையைச் செய்கிறது. வளைவில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைக்கிற டிரைவர் அந்த ஒரு நிமிடம் கண் விழித்துக்கொள்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

படுக்கையில் வருகிற அமுக்குவான் இதற்குச் சொந்தக்காரன். விழிப்பு வந்துவிடும், கை கால் அசையாது, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்கள், கத்த வாய் வராது. கனவு காணும் உறக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது. பூட்டுத் திறப்பதற்குள் அறிவு விழித்துக்கொண்டால் இந்தக் கதி. 36,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய 35 ஆய்வுகளை 2011இல் ஷார்ப்லெஸ், பார்பர் இருவரும் திரட்டிப் பார்த்தபோது, பொதுமக்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருந்தது. மாணவர்களில் 28 சதவீதம். தூக்கம் கலைந்தவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும், வாரம் ஒரு ஷிப்டு மாறுகிறவர்களுக்கும் அதிகம் வரும். தலையணைக்கடியில் இரும்பு வைக்கச் சொல்கிற பாட்டி ஒருக்களித்துப் படு என்றும் சேர்த்துச் சொல்வார். இரண்டாவது வைத்தியத்தை நரம்பியல் மருத்துவரும் ஒப்புக்கொள்வார்.

இதுவரை சொன்னவற்றில் ஆபத்து குறைவு. அடுத்தது அப்படியில்லை, தேனிக்காரர்கள் அதிகம் பேசவேண்டியதும் இதைத்தான். திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் மருந்தடிக்கிற வேலை ஓயாது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் மருந்தடித்து வந்தவர் அன்றிரவு வேர்த்துக் கொட்டி, எச்சில் வடிய, கை நடுங்க, சம்பந்தமில்லாமல் உளறினால், தோட்டத்துப் புளியமரத்தடியில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்பார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால் இவை அத்தனையும் வரும். கூடவே கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும். திருநீறு போடுவதற்கு முன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அட்ரோபின் இதற்கு முதல் மருந்து. கோடாங்கி வீட்டுக்கும் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே போகிற ஒரு மணி நேரம் உயிர் விலை பெறும்.

மலைமேல் இன்னொன்று: கரிப்புகை. குளிருக்குக் கதவைச் சாத்திக் கரி அடுப்பு வைத்துப் படுக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. அதிகமானால் ஆளே எழுந்திருக்க மாட்டார். கொஞ்சமாக, நாள்கணக்கில் சேர்ந்தால் தலைவலி, நெஞ்சு அழுத்தம், காலடிச் சத்தம் கேட்பது, யாரோ நிற்பது போன்ற தோற்றம். இது ஊகமில்லை. அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் 1921இல் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் பதிவு செய்தார். புது வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு இரவில் காலடியும் மணியோசையும் கேட்டன, கட்டிலருகே உருவங்கள் நின்றன, வளர்த்த செடிகள் வாடின. கோளாறு வீட்டைச் சூடாக்கும் உலையில் இருந்தது; அதைச் சரிசெய்ததும் பேய்கள் போய்விட்டன. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களிலும் லயத்து அறைகளிலும் கதை கேட்கப் போகிறவர்கள் முதலில் சன்னலைப் பார்ப்பது நல்லது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் எல்லாவற்றுக்கும் விஞ்ஞானத்தில் ஒரு புட்டி தயாராக இருப்பதுபோலத் தோன்றும். அந்த மயக்கத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. இங்கிலாந்துப் பொறியாளர் விக் டாண்டி, தாம் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தைக் கண்டு நடுங்கினார். மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்த வாள் தானாக அதிர்ந்தது. புதிதாக மாட்டிய காற்று வெளியேற்றி, காதுக்குக் கேட்காத, விநாடிக்குச் சுமார் 19 அதிர்வு கொண்ட ஒலியைக் கிளப்பிக்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்து 1998இல் கட்டுரை எழுதினார். அழகான விளக்கம். உலகம் முழுக்கப் பேய்வீடுகளுக்கெல்லாம் இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். லண்டனில் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்சு குழு ஒரு அறையில் அந்த ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் வேண்டுமென்றே உண்டாக்கி 79 பேரை உள்ளே அனுப்பிப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டது. பலருக்கு விசித்திர உணர்வு வந்தது. ஆனால் ஒலி இருந்தபோதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி வந்தது. ஏதோ நடக்கும் என்று சொல்லி அனுப்பியதுதான் வேலை செய்திருக்கிறது. கணவாய்க் காற்றுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைக் காட்டி, இதனால்தான் ராத்திரி மனசு கலங்குகிறது என்று யாராவது சொன்னால், லண்டன் அறையை நினைத்துக்கொள்ளலாம்.

சொல்லி அனுப்புவதன் வலிமையைத் தமிழ்நாடும் பார்த்திருக்கிறது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிக்கிற செய்தி டெல்லியில் கிளம்பி நாடு முழுக்கப் பரவியது. பாலில் சாயம் கலந்து, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிவதை அரசு விஞ்ஞானிகள் காட்டினார்கள். பரப்பு இழுவிசை சிலையின் வேலையை விளக்கியது. ஒரே நாளில் இத்தனை ஊரில் இத்தனை பேர் கரண்டியோடு நின்றதை அது விளக்கவில்லை.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் இந்த மனிதப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர். திருவல்லாவில் 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் லட்ச ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை பணம் அவரிடமே இருந்தது. வீட்டில் கல் விழுகிறது, துணி தீப்பற்றுகிறது என்று கூப்பிட்ட இடங்களில் அவர் கூரையை அதிகம் ஆராயவில்லை. வீட்டு மனிதர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசினார். பல இடங்களில், வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தில் இருந்த இளையவர் ஒருவரின் கை அதில் இருந்தது. மலேசியாவில் 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குக் கூட்டமாகப் பேய் பிடித்ததை ஆராய்ந்த மானிடவியலாளர் ஐவா ஓங் 1987இல் எழுதியதும் இதன் இன்னொரு முகம்: நுண்ணோக்கிக்கு முன்னால் குனிந்தே இருக்கிற, கழிப்பறைக்குப் போகவும் அனுமதி கேட்கிற பெண்ணுக்கு, வேலையை நிறுத்த மேலாளர் மறுக்க முடியாத ஒரே காரணம் பேய். ஒருத்தி அலறினால் வரிசையே நின்றது.

கோடாங்கியை முழுக்கத் தள்ளுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மருமகளின் வாயில் வந்த ஆவி மாமியாரைக் கேட்கிற கேள்வியை மருமகளாகவே கேட்க முடியாது. அதற்கு ஒரு சபை வேண்டியிருக்கிறது. ஆனால் அதே பாதையின் கோடியில் ஏர்வாடி தர்கா இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். அதன்பிறகே தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கிற ஏற்பாடு பின்னால் வந்தது. தொழுகையை விடச் சொல்லாமல் மாத்திரையைக் கொடுக்கிற அந்த வழி எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி மிச்சத்துக்கு வருவோம். அது பள்ளத்தாக்கின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டியது. 2001 ஜூலை 25 முதல் செப்டம்பர் வரை கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் விட்டுவிட்டுச் சிவப்பு மழை பெய்தது. துணியில் கறை படிந்தது. அதற்குச் சற்று முன் சங்கனாச்சேரியில் பெரிய இடிச்சத்தமும் ஒளியும் வந்ததாக மக்கள் சொன்னார்கள். திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் விண்கல் வெடித்த தூசி என்றது. சில நாளில் உருப்பெருக்கியில் உயிரணுக்கள் தெரிந்ததும் அதைக் கைவிட்டது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவோடு சேர்ந்து அந்த ஆண்டு நவம்பரில் கொடுத்த அறிக்கையில், டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று முடிவு சொன்னது. அந்தப் பகுதி மரங்களிலும் பாறைகளிலும் அது செழித்துக் கிடந்தது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரி லூயிஸும் சந்தோஷ்குமாரும் 2006இல் அவை வேற்றுலக உயிரணுக்களாக இருக்கலாம் என்று எழுதி உலகச் செய்தியானார்கள். 2015இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழு மரபணுவைப் பார்த்து, ஐரோப்பிய வகை, அநேகமாக ஆஸ்திரியாப் பக்கத்திலிருந்து மேகத்தோடு வந்தது என்றது. என்ன பொருள் என்பது தெரிந்துவிட்டது. அத்தனை வித்து ஒரே சமயத்தில் எப்படிக் கிளம்பியது, எப்படி மேகத்துக்குள் போனது என்பது 2001 அறிக்கையிலேயே தெரியவில்லை என்று எழுதப்பட்டது. அந்த ஒரு வரிக்காகவே அந்த அறிக்கை மீது எனக்கு மரியாதை உண்டு.

அதே வட்டாரத்தில் 2000 டிசம்பர் 12 அன்று 5.0 அளவிலும், 2001 ஜனவரி 7 அன்று 4.8 அளவிலும் நிலம் அதிர்ந்தது. தொடர்ந்த மாதங்களில் கேரளத்தில் கிணறுகள் திடீரென்று உள்வாங்கிய செய்திகள் வந்தன. 2011இல் இடுக்கியில் மறுபடி சிறு அதிர்வுகள். ஆழம் குறைந்த இடத்தில் நிகழும் சிறு அதிர்வு சிலசமயம் குலுக்கலாக உணரப்படாமல் உறுமலாக மட்டும் கேட்கும். பூமிக்குள் லாரி ஓடுகிறமாதிரி என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் முல்லைப் பெரியாறு அணை பக்கத்திலேயே இருந்ததால் அந்த உறுமல் இயற்பியலாக நிற்கவில்லை. அணை உடையும் என்ற பயம் ஒருபக்கமும், தண்ணி போய்விடும் என்ற பயம் மறுபக்கமுமாக, 2011 டிசம்பரில் கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். விளங்காத ஒரு சத்தம் இரு மாநில அரசியலாக வளர ஆறு மாதம் போதுமானதாக இருந்தது.

விசாரிக்க யாரும் விரும்பாத விசித்திரங்களும் உண்டு. தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்கே பூசை. உடைக்காத தேங்காய், உரிக்காத பழம். அங்கே பானைகளில் சேர்கிற நெய்யில் எறும்பு மொய்ப்பதில்லை என்பார்கள். நீர்ச்சத்தும் இனிப்பும் இல்லாத நெய்யை எறும்பு எந்த அளவுக்கு நாடும் என்று வீட்டுச் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். பார்த்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் பக்தரின் பதில். யாருக்கும் தீங்கில்லாத இடத்தில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். அதேபோல, கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி மேகத்தில் மூடியிருக்கும்போது, பார்ப்பவரின் நிழலே வானவில் வளையம் சூடிப் பூதாகாரமாக மேகத்தின் மேல் விழுவதுண்டு. ஜெர்மனியின் புரோக்கன் மலைப் பெயரில் அதற்கு முழு விளக்கம் இருக்கிறது. விளக்கம் தெரிந்தவர்களும் வாயைப் பிளந்துதான் பார்க்கிறார்கள்.

மிச்சத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது, அது தேனியைத் தேடியும் வந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த குழுக்களில் ஒன்றாயின. அதே சுரங்கக் கருவிகளில் சில விசித்திரத் தடங்களும் விழுந்தன: பாறையில் தொடங்க வேண்டிய துகள் தடங்கள், கருவிக்கு முன்னாலிருந்த காற்றுவெளியில் தொடங்கின. எண்ணிக்கை சொற்பம். கருவிக் கோளாறு என்று அழித்திருக்கலாம். 1975இல் அப்படியே வெளியிட்டார்கள். கோலார் நிகழ்வுகள் என்று பெயர் வந்தது, காரணம் வரவில்லை. 2014இல் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அந்தப் பழைய தடங்கள் கரும்பொருள் துகள் சிதைவாக இருக்குமோ என்று மறுபடி எடுத்துப் பேசினார்கள். சரிபார்க்க அவர்கள் கைகாட்டிய கருவி, போடி மேற்கு மலையடியில் பொட்டிப்புரத்தில் அமைய இருந்தது: மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பு.

இந்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்தது. கிராமத்தில் கதிர்வீச்சு வரும் என்று பேச்சு கிளம்பியது. நியூட்ரினோ ஒவ்வொரு விநாடியும் கோடிக்கணக்கில் நம் உடம்பைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படையில்லை. லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுப்பது, தண்ணி, மதிகெட்டான் சோலை, புலி வழித்தடம் பற்றிய கேள்விகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குப் பதில் சொல்லவேண்டிய விதத்தில் யாரும் ஊரில் உட்கார்ந்து சொல்லவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தெரியாத ஜனங்களின் பயம் என்று ஒதுக்கியதில் விஞ்ஞானத் தரப்பும் கோடாங்கியின் அவசரத்தையே காட்டியது. பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அனுமதியை நிறுத்தியது, 2018இல் மத்திய அமைச்சகம் திரும்பக் கொடுத்தது, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டமே வேண்டாம் என்றது. கோலார் சுரங்கமும் 2001இல் மூடப்பட்டது. 1975இல் குறித்து வைத்த அந்தத் தடங்களை இதுவரை யாரும் உறுதியாக விளக்கவில்லை.